பழைய நான்கு ஸ்டாண்ட் ஷியரிங் ஷெட்: முதலில் எதைச் சரிசெய்வது?

மேட்டுப்பட்டி:
ஆஸ்திரேலியாவில் ஒரு செம்மறிப் பண்ணை நிர்வாகம். ரோமம் வெட்டும் (ஷியரிங்) ஷெட்டில் நான்கு ஸ்டாண்ட், அதாவது ஷியரர் ஒவ்வொருவரும் நின்று வெட்டும் இடம். மேலே பாதுகாப்பு கட்-அவுட் (தானாக நிற்கும் வசதி) இல்லாத பழைய மோட்டார்கள். வெட்டக் காத்திருக்கும் ஆடுகளை அடைக்கும் கேச்சிங் பென்னின் தரை சமதளம், தரையின் மரச் சட்டங்கள் குறுக்கே அடித்தவை. வெட்டும் பாகங்களைத் தீட்ட ஒரு டிஸ்க் கிரைண்டர், ரோமத்தை அழுத்திக் கட்ட ஒரு ஹைட்ராலிக் பிரஸ். ஆடுகள் பெரும்பாலும் 60, 65 கிலோ மெரினோ. ஷியரிங் தொடங்க ஆறு வாரம் இருக்கிறது. எல்லாவற்றையும் இந்த வருடமே மாற்றப் பணம் இல்லை. எதிலிருந்து ஆரம்பிக்கலாம்? எச்சரிக்கைப் பலகையும் முதலுதவிப் பெட்டியும் ஏற்கெனவே இருக்கின்றன.

எண்ணெய்க்குப்பி:
முதல் செலவு மோட்டாருக்கு. ஷெட்டில் கண் இமைக்கும் நேரத்தில் ஆளை முடமாக்கக்கூடியது கையில் பிடித்து வெட்டும் ஹேண்ட்பீஸின் லாக்-அப்தான். அதன் சீப்புப் பல்லான கோம்பும், அதன் மேல் ஓடும் கத்தியான கட்டரும் இறுகி நின்றுவிடும், மோட்டார் நிற்காது. அந்த முறுக்கு விசை முழுவதும் ஹேண்ட்பீஸைக் கையிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். பிறகு மோட்டாரிலிருந்து தொங்கும் டவுன்ட்யூப்போடு சேர்ந்து அது சுழன்று அடிக்கும். ஷியரரின் கை, முகம் மட்டுமல்ல, பக்கத்து ஸ்டாண்டில் குனிந்திருப்பவரும் அதன் வீச்சுக்குள்தான் இருக்கிறார். லாக்-அப்பை உணர்ந்து உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் எலக்ட்ரானிக் மோட்டார் இதற்காகவே வந்தது.

லாக்-அப் ஏன் வருகிறது என்பதையும் பாருங்கள். கட்டரைக் கோம்பின் மேல் அழுத்தும் டென்ஷன் தளர்ந்தால் இரண்டுக்கும் நடுவே ரோமம் நுழைகிறது. பெரும்பாலும் இதுதான் காரணம். கோம்ப் திருகு சரியாக முறுக்காதது, கட்டரைப் பிடித்து அசைக்கும் ஃபோர்க் தேய்ந்து கட்டர் நழுவுவது, எண்ணெய் காய்ந்து சூடேறுவது, ரோமத்தில் சிக்கிய கம்பித் துண்டு ஆகியவை அடுத்தவை. டென்ஷனை அளவுக்கு மேல் இறுக்கினாலும் சூடுதான், அதனால் "இறுக்கமாக வை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். கட்டர் மாற்றும்போதெல்லாம் எண்ணெய், பிறகு டென்ஷன் சரிபார்ப்பு. கட்டர், கோம்ப் எதைத் தொடுவதானாலும் மோட்டாரை நிறுத்திய பிறகே.

பிடுங்கிக்கொண்டால் திரும்பப் பிடிக்க முயலக் கூடாது. விட்டுவிட்டு விலகி, மோட்டாரை நிறுத்தும் கயிற்றை இழுக்க வேண்டும். ஆகவே கயிறு, வெட்டும் நிலையில் இருந்தே எட்டும் இடத்தில் தொங்க வேண்டும். ஸ்டாண்டுகளுக்கு இடையே கெட்டியான தடுப்பும் வேண்டும். ஷெட் முழுவதற்கும், மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.டி. இருக்கிறதா? இருந்தால் அதன் டெஸ்ட் பட்டனை இப்போதே அழுத்திப் பாருங்கள்.

ஈரக்கம்பளி:
மோட்டார் சரி. ஆனால் ஆட்களை வருடக்கணக்கில் வீட்டில் உட்கார வைப்பது முதுகு. உங்கள் ஆடு 65 கிலோ என்றால், 150 ஆடு வெட்டுபவர் ஒரு நாளில் ஏறக்குறைய 10 டன்னை, அதுவும் உதைக்கும் எடையை, பின்னோக்கி இழுக்கிறார்.

இங்கே தச்சு வேலையே பாதித் தீர்வு. சட்டங்கள் இழுக்கும் திசைக்கு இணையாக ஓட வேண்டும். குறுக்கே இருந்தால் ஒவ்வொரு சட்டமும் ஒரு தடை. தரை, வெட்டும் தளமான போர்டை நோக்கிச் சரிய வேண்டும்: 1:10 சரிவு, அதாவது மூன்று மீட்டர் ஆழமுள்ள பென்னில் பின்பக்கம் 30 சென்டிமீட்டர் உயரம். இரண்டையும் சேர்த்துச் செய்தால் இழுக்கும் விசை கண்கூடாகக் குறையும். மோட்டாரை விட இது மலிவு. பென் கதவின் ஸ்பிரிங்கையும் பாருங்கள். ஆட்டோடு பின்னால் வருபவரின் முதுகில் மோதும் கதவுகள் நிறைய.

முதுகு தாங்கும் ஸ்பிரிங் ஸ்லிங் நல்லதுதான், ஆனால் குனிந்து வெட்டும் நேரத்துக்கு மட்டும். இழுக்கும்போது அதனால் பயனில்லை.

முந்தைய நாளே தீவனத்தை நிறுத்தி வயிறு காலியாக வையுங்கள். வயிறு நிறைந்த ஆடு கனமாகவும் இருக்கும், அதிகமாகவும் உதைக்கும், போர்டும் வழுக்கும். சினை ஆடுகளை மட்டும் அதிக நேரம் பட்டினி போடக் கூடாது, சினைக்கால நச்சுநோய் வந்துவிடும்.

தூசிப்படலம்:
ஆறு வாரம் என்று எழுதியிருக்கிறீர்கள், யாரும் கியூ ஃபீவரைச் சொல்லவில்லையே! இது காசு விஷயமல்ல, நாள்கணக்கு. காக்ஸியெல்லா பர்னெட்டி என்ற பாக்டீரியா ஆட்டின் ரோமத்திலும் சாணத்திலும் ஈன்ற கழிவிலும் இருந்து தூசியோடு மூச்சில் போகும். தடுப்பூசிக்கு முன் ரத்தப் பரிசோதனையும் தோல் பரிசோதனையும் கட்டாயம். தோல் பரிசோதனையை ஏழாம் நாள்தான் பார்ப்பார்கள். முன்பே தொற்று வந்தவருக்கு ஊசி போட்டால் கடுமையான எதிர்வினை வரும், அதனால் இந்தப் படியைத் தாண்ட முடியாது. போட்ட பிறகும் பாதுகாப்பு உருவாக 15 நாள் வேண்டும். ஆக மூன்று வாரத்துக்கு மேல் போய்விடும். எல்லா மருத்துவரும் இதைச் செய்வதில்லை, நேரம் கிடைப்பதும் தாமதமாகலாம். ஷியரர் மட்டுமல்ல, ரோமம் பொறுக்குபவர், பிரஸ்காரர், சமையலறைக்கு வருபவர் வரை ஊசி போட்டாயிற்றா என்று கேளுங்கள். டெட்டனஸ் ஊசியையும் அன்றே கேட்டுவிடலாம்.

பேன் மருந்து தெளித்த தேதியையும் எழுதி வையுங்கள். லேபிளில் உள்ள காத்திருப்புக் காலம் முடியாமல் அந்த ரோமத்தைத் தொடக் கூடாது.

எண்ணெய்க்குப்பி:
சரியாகச் சொன்னீர்கள். கியூ ஃபீவர் ஊசிதான் முதலில், மோட்டார் இரண்டாவது.

கிரைண்டர் பற்றியும் ஒரு வார்த்தை. டிஸ்க்கில் ஒட்டிய எமரி பேப்பருக்கு அடியில் காற்றுக் குமிழ் இருந்தால் கோம்பின் பல் அதில் மாட்டி, கோம்பே பறந்து வரும். ரோம எண்ணெய் ஒட்டிய கோம்பைக் காந்தப் பிடிப்பானில் வைத்தாலும் இதே கதி. கழுவித் துடைத்த பிறகே வையுங்கள். புதிய பேப்பர் ஒட்டியதும், விலகி நின்று ஒரு நிமிடம் சும்மா ஓடவிடுங்கள். டிஸ்க் சுழலும் கோட்டில் நடைபாதை இருக்கக் கூடாது, சுற்றிக் கவசம் வேண்டும், கண்ணாடி இல்லாமல் தொடவே கூடாது. பிரஸ்ஸில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: கதவு திறந்திருந்தால் பிரஸ்ஸை ஓடவிடாத இன்டர்லாக்கைக் கம்பி கட்டி ஏமாற்றி வைத்திருக்கிறார்களா என்று. அழுத்திக் கட்டிய ரோமப் பேல் 200 கிலோவைத் தொடும், ட்ராலி இல்லாமல் உருட்ட விடாதீர்கள்.

மேட்டுப்பட்டி:
நன்றி. மருத்துவரிடம் நேரம் கேட்டாயிற்று. இரண்டு மோட்டாருக்குத்தான் பணம் தேறும். மீதி இரண்டில் பழையதையே இந்த ஒருமுறை ஓட்டலாமா?

ஈரக்கம்பளி:
வேண்டாம். புதிய மோட்டார் உள்ள இரண்டு ஸ்டாண்டில் மட்டும் வெட்டுங்கள், நாட்கள் இரட்டிப்பாகும், அவ்வளவுதான். அவற்றைப் பக்கத்துப் பக்கத்தில் போடாமல், இடையில் ஒரு ஸ்டாண்ட் காலி விட்டுப் பொருத்துங்கள். பழைய இரண்டின் டவுன்ட்யூப்பையும் கழற்றி வைத்துவிடுங்கள். தொங்கிக்கொண்டிருந்தால், வேலை பின்தங்கும் நாளில் யாராவது மாட்டி ஓட்டிவிடுவார்கள். ஷியரிங் கான்ட்ராக்டரிடம் இரண்டு ஷியரர் மட்டும் போதும் என்று இந்த வாரமே சொல்லிவிடுங்கள். தச்சருக்குக் கொடுக்கும் பணத்தையும் அந்த இரண்டு பென்னுக்கு மட்டும் செலவிட்டால் போதும்.