அரிசிப் பையோடு போய் உட்கார்ந்து பேசிய வீடுகள்

விவேக்நகர் உறுப்பினர்:

பெங்களூரில் எங்கள் பங்கில், அதாவது எங்கள் கத்தோலிக்கக் கோயிலைச் சேர்ந்த சமூகத்தில், வின்சென்ட் தே பவுல் சபையில் இருக்கிறேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: 1833இல் பாரிசில் ஃபிரெடெரிக் ஓசானாம் என்ற 20 வயது மாணவர் நண்பர்களோடு சேர்ந்து தொடங்கிய சபை இது. ஏழைகளை ஓரிடத்துக்கு வரவழைத்துக் கொடுக்காமல், இரண்டிரண்டு பேராக அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்ப்பதுதான் அன்றிலிருந்து வழக்கம். கூட்டத்தில் ஒரு பை கைமாறும். யார் எவ்வளவு போட்டார் என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பணத்தில்தான் மாதாமாதம் அரிசி, பருப்பு, எண்ணெய்.

எஜிபுரா பக்கம் ஒரு குடும்பம், திருப்பத்தூர்க்காரர்கள். கணவர் பெயின்ட் வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிந்து படுத்துவிட்டார். அந்த அம்மா கோரமங்களாவில் வீட்டு வேலைக்குப் போகிறார். ஷீட் போட்ட ஒற்றை அறை. சுவரில் மாரியம்மன் படம், பக்கத்திலேயே குழந்தை இயேசு படம். வியாழக்கிழமை ஆனால் அந்த அம்மா எங்கள் கோயிலுக்கும் வந்துவிடுவார். எங்களைப் பார்த்ததும் அவருடைய மாமியார் நேராகவே கேட்டார்: "தம்பி, இத வாங்கிக்கிட்டா நாங்க வேதத்துல சேரணுமா?"

"அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம் பாட்டி" என்றேன். அவர் கேட்டதில் தப்பே இல்லை. கர்நாடகத்தில் 2022இல் வந்த மதமாற்றத் தடைச் சட்டம், மதம் மாற்றுவதற்காகக் கொடுக்கும் பரிசு, பணம், இலவசப் படிப்பு எல்லாவற்றையும் ஆசை காட்டுவதாகச் சேர்த்திருக்கிறது. 2023 ஜூனில் அதை ரத்து செய்வதாக அமைச்சரவை முடிவெடுத்தது. ஆனாலும் பையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குள் நுழைய எங்கள் ஆட்களில் சிலருக்கு இன்னும் தயக்கம்தான். சட்டம் இருக்கட்டும், இல்லாமல் போகட்டும், பசித்திருப்பவரிடம் விசுவாசத்தைப் பேரம் பேசக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

ஒருநாள் அந்த அம்மா வேலையிலிருந்து வரத் தாமதமாகிவிட்டது. காத்திருந்தோம். வந்தவர் முகம் கழுவிவிட்டு, ஆணியில் மாட்டியிருந்த ஜவுளிக்கடைக் கவரை எடுத்துத் தரையில் கொட்டினார். ஆதார், ஆஸ்பத்திரி பில், எக்ஸ்ரே, இதற்கெல்லாம் அடியில் மகளிர் குழுக் கடன் அட்டை. செவ்வாய்க்கிழமைதோறும் தவணை. ஒருத்தி கட்டாவிட்டால் குழுவில் இருக்கும் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும். அதனால் அக்கம்பக்கத்துப் பெண்களே வந்து வாசலில் உட்கார்ந்துவிடுவார்களாம். நாங்கள் கொடுத்த அரிசியால் மிச்சமான காசு அப்படியே தவணைக்குப் போயிருக்கிறது. அந்த வீட்டை அரித்துக்கொண்டிருந்தது அந்த அட்டைதான். உட்கார்ந்து பேசியிருக்காவிட்டால் அது எங்கள் கண்ணில் பட்டிருக்காது.

வங்கியில் வேலை பார்க்கும் சபை நண்பர் ஒருவர் கடன் கொடுத்தவர்களிடம் பேசி, தவணையைக் குறைத்துக் கட்ட வழி செய்தார். பெரிய பெண்ணின் பள்ளிக் கட்டணத்தைப் பங்கு ஏற்றுக்கொண்டது. நிற்பது ஒரே விஷயம்தான். குடும்பத் தலைவிக்கு மாதம் 2,000 ரூபாய் தரும் கிருஹலட்சுமி என்ற அரசுத் திட்டத்துக்கு கர்நாடக ரேஷன் அட்டை வேண்டும். இவர்களுடையது இன்னும் ஊரில் இருக்கிறது. யாராவது மாற்றிக் கொடுத்திருந்தால் எழுதுங்கள்.

லிங்கராஜபுரம் உறுப்பினர்:

நான் வாங்கின பக்கம் இருந்தவள். அப்பா இறந்த பிறகு ஒரு மிஷன் குழு எங்களுக்கு மளிகை கொடுத்தது. பேனர் முன்னால் வரிசையில் நிற்க வைத்து, பையை நெஞ்சோடு பிடித்துக்கொள்ளச் சொல்லிப் படம் எடுப்பார்கள். என் வகுப்புப் பையன் ஒருவன் அந்த வழியாகப் போவானோ என்று எனக்கு ஒரே பயம். அம்மா மட்டும் சிரித்தபடி நிற்பார், சிரிக்கச் சொன்னதால்.

அப்புறம் ஒரு சிஸ்டர் வர ஆரம்பித்தார். சில நாள் கையில் ஒன்றுமே இருக்காது. அம்மாவோடு கீரை ஆய்ந்துகொண்டே, நான் கணக்கில் எங்கே திணறுகிறேன் என்று விசாரிப்பார். அம்மா அவருக்கு டீ போட்டுக் கொடுப்பார். அவர் மறுக்காமல் குடிப்பார். எங்கள் வீட்டில் வாங்கிச் சாப்பிட ஓர் ஆள் இருந்ததே அம்மாவுக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? உதவி செய்யப் போகிறவர்களுக்கு என் ஒரே வேண்டுகோள்: தயவுசெய்து கேமராவை வெளியே எடுக்காதீர்கள். அவர்கள் டீ கொடுத்தால் குடியுங்கள்.

ஆஸ்டின் டவுன் உறுப்பினர்:

ரேஷன் அட்டை பற்றிக் கேட்டிருந்தீர்கள். நாங்கள் ஒரு குடும்பத்துக்குச் செய்தோம். ஊரில் வட்ட வழங்கல் அலுவலகத்தில் அட்டையை ஒப்படைத்துச் சான்று வாங்க வேண்டும். ஆனால் அவசரப்பட்டு ஒப்படைத்துவிட வேண்டாம். இங்கே புது அட்டைக்கு எப்போதும் விண்ணப்பம் வாங்குவதில்லை. வாங்குகிறார்களா என்று விசாரித்துக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் இல்லாமல் போய்விடும். அதுவரை, ஊரில் இருப்பது முன்னுரிமை அட்டை என்றால், ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் இங்குள்ள நியாயவிலைக் கடையிலேயே கைரேகை வைத்து அரிசி வாங்கலாம். கடைக்காரர் முடியாது என்பார். கூட ஒருவர் போய் நின்றால் கொடுத்துவிடுவார்.