தடயமே இல்லாமல் வாக்கு இயந்திரத்தை ஹேக் செய்ய முடியுமா?

கேள்வி: வாக்குகளை மாற்றிய நிரல், வேலை முடிந்ததும் தன்னையே அழித்துக்கொண்டால் பிறகு கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில் 1: இயந்திரத்தை மட்டும் ஆராய்ந்தால், பெரும்பாலும் இல்லை. 2006-ல் பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் டீபோல்ட் அக்யுவோட்-டிஎஸ் என்ற அமெரிக்க வாக்கு இயந்திரத்தில் இதைச் செய்தே காட்டினார்கள். கெட்ட நிரல் உள்ள மெமரி கார்டைச் செருகி மறுபடி இயக்க ஒரு நிமிடம் போதும். வாக்குப் பதிவு, லாக் (இயந்திரத்தின் நிகழ்வுக் குறிப்பு), எண்ணிக்கை மூன்றையும் ஒன்றோடொன்று பொருந்தும்படியே நிரல் மாற்றிவிடும். கணக்கு இடிக்காது, அதுதான் ஆபத்து.

பதில் 2: நிரல் மாறியிருக்கிறதா என்று அறிய அதன் ஹாஷை, அதாவது நிரலிலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்ணை, பார்த்தால் போதும் என்பார்கள். அதை அதே இயந்திரத்திடம் கேட்டால் பயனில்லை, கெட்ட ஃபர்ம்வேர் (சிப்பில் பதிந்த நிரல்) சரியான ஹாஷையே திரையில் காட்டும். சிப்பை வெளிக்கருவியால் படிக்க வேண்டும். அதுவும் போதாது: 2010-ல் இந்திய இயந்திரம் ஒன்றை ஆராய்ந்தவர்கள் முடிவைக் காட்டும் திரையின் மின்சுற்றுப் பலகையையே மாற்றிப்போட்டார்கள். மென்பொருளில் கை வைக்கவே இல்லை.

பதில் 3: எனவே தடயம் இயந்திரத்துக்கு வெளியே இருக்க வேண்டும். வாக்காளர் கண்ணால் பார்த்து உறுதிசெய்த தாள்தான் அது. எந்த நிரலாலும் பெட்டிக்குள் விழுந்த தாளைத் திருத்த முடியாது. வெற்றி வித்தியாசம் 10 சதவீதம் என்றால், தற்செயலாக எடுத்த சுமார் 60 தாள்களை அந்தந்தத் தாளுக்கு இயந்திரம் வைத்திருக்கும் மின்பதிவோடு ஒப்பிட்டாலே போதும்; வேறுபாடு இல்லையென்றால், தவறான முடிவு தப்பிக்கும் வாய்ப்பு 5 சதவீதத்துக்கு மேல் போகாது. வித்தியாசம் 1 சதவீதமானால் 600-க்கு மேல் வேண்டும். ஆனால் பெட்டியை யாரும் திறக்கவில்லை என்று காட்டும் சீலின் எண்ணைக் குறிக்காமல் விட்டால் இத்தனையும் வீண்.