ஒரே ஒரு தாமான் வீட்ட வாடகைக்கு விடுறதுக்கு ஹோட்டல் லைசென்ஸா? மஜ்லிஸ் (ஊராட்சி மன்றம்) லெட்டர் வந்திருக்கு, விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

லயத்து மல்லி:
வணக்கம் எல்லாருக்கும். பேராக்ல ஹைவே பக்கத்துல ஒரு தோட்டத்து டவுன், பேரு வேணாம், சின்ன ஊரு, போட்டா நாளைக்கே யாருன்னு கண்டுபிடிச்சிருவாங்க. அப்பா ரப்பர் பால் வெட்டுனவரு. கித்தா மரத்த (ரப்பர்) அழிச்சி செம்பனை போட்டு அப்புறம் லயத்தையும் (தொழிலாளிங்க வரிசை வீடு) இடிச்சாங்கல்ல, அப்ப கெடச்ச வீடு இது, ஒரு மாடி தெரஸ், 3 ரூம். அப்பா போயி 4 வருஷம் ஆச்சு, அம்மா என் கூட ரெண்டு லோரோங் (சந்து) தள்ளி இருக்காங்க, வீடு சும்மாதான் கெடந்துச்சு. மொதல்ல மாச வாடகைக்கு விட்டோம், அடுத்தடுத்து ரெண்டு குடும்பம், ரெண்டு பேருமே கடைசி 3 மாசம் காசு குடுக்காம தண்ணி பில்லையும் தலையில கட்டிட்டுப் போயிட்டாங்க. அதுக்கப்புறந்தான் தம்பி சொன்னான்னு ஹோம்ஸ்டே மாதிரி விட ஆரம்பிச்சேன்.

ஸ்கூல் லீவுல கேமரன் மலையில ரூம் கெடைக்காதவங்க வருவாங்க. ஆனா பாதிக்கு மேல நம்ம ஆளுங்கதான், இங்க தோட்டத்துல பொறந்து வளந்து இப்ப கிள்ளான்லயும் ஜொகூர்லயும் இருக்குறவங்க. கோயில் திருவிழான்னா வருவாங்க, கருமாதின்னா வருவாங்க. கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவுல நிக்குது, லயம் இல்ல, சொந்தக்காரங்க வீடு இல்ல, எங்கதான் தங்குவாங்க சொல்லுங்க. அப்பாவோட பால் வாளிய ஹால்ல மாட்டி வச்சிருக்கேன். போன திருவிழாவுக்கு வந்த ஒரு தாத்தா அத எறக்கச் சொல்லி மடியில வச்சிக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தாரு, பேசவே இல்ல.

சரி விஷயத்துக்கு வர்றேன். போன மாசம் கேட்ல ஒரு லெட்டர் சொருகியிருந்துச்சு. ருமா தும்பாங்கான் (தங்கும் விடுதி) மாதிரி நடத்துறீங்க, லைசென்ஸ் இல்ல, 14 நாளைக்குள்ள ஆபிஸ்க்கு வாங்கன்னு. பாக்க வந்தவரு வாசல்ல கெடந்த செருப்ப எல்லாம் எண்ணி ஃபோட்டோ புடிச்சாராம், 17 ஜோடி. அன்னிக்கி உள்ள 9 பேருதான் தங்குனாங்க, மிச்சம் எல்லாம் அவங்களப் பாக்க வந்த சொந்தக்காரங்க, இத யாருகிட்ட போயி சொல்றது.

ஒரு ராத்திரிக்கு 180 வெள்ளி (ரிங்கிட்). மாசத்துக்கு 5 ராத்திரி ஓடுனா நல்ல மாசம், 900. கழுவித் தொடைக்கிற அக்காவுக்கு தடவைக்கு 40, வைஃபை கரெண்டு தண்ணி எல்லாம் 220 கிட்ட, துணி சோப்பு கேஸ்னு போயி கையில 450 நின்னா பெரிசு. பிளான் வரையிற ஒருத்தர்கிட்ட கேட்டேன், வரையிறதுக்கும் அனுப்புறதுக்கும் 2,800 கேக்குறாரு. அரை வருஷ வருமானம் அது! லைசென்ஸ் எடுக்கலாமா இல்ல நிறுத்திடலாமா? ஒருத்தர் சொன்னாரு, மாச வாடகை அக்ரிமெண்ட் ஒன்னு எழுதி வச்சிக்கிட்டு கமுக்கமா ஓட்டுன்னு. சரியா வருமா?

பழைய கெராணி:
தங்காச்சி, நான் வேற மாநிலத்துல மஜ்லிஸ்ல கெராணியா (கிளார்க்) இருந்து ரிட்டயர் ஆனவன். மொதல்ல ஒன்னு, அந்த கமுக்கமா ஓட்டுற யோசனைய மறந்துரு. ஒரு ராத்திரி தங்குறவனுக்கு மாச வாடகை பத்திரம் எழுதுனா யாரு நம்புவா. பணம் வாங்குன ரசீது உன் ஃபோன்லயே இருக்கு.

ரெண்டாவது, ஹோம்ஸ்டேங்கிற வார்த்தைய ஆபிஸ்ல பாத்து பேசு. சுற்றுலா அமைச்சு 1995-ல தெமர்லோ பக்கம் டேசா முர்னில ஆரம்பிச்ச திட்டத்துக்குப் பேருதான் ஹோம்ஸ்டே, அதுல கம்பத்துல பல குடும்பம் சேந்து பதிவு பண்ணணும், வீட்டுக்காரங்க கூடவே இருந்து சாப்பாடு போட்டு தங்க வைக்கணும். சாவிய குடுத்துட்டு நீ ரெண்டு லோரோங் தள்ளி இருந்தா அது அந்தக் கணக்குல வராது, நாட்டுல பாதி போர்டுல அந்தப் பேருதான் எழுதியிருக்குங்கறது வேற கத.

லைசென்ஸ் குடுக்குற அதிகாரம் ஒவ்வொரு மஜ்லிஸ்க்கும் தனித்தனியா இருக்கு, 1976-ம் வருஷத்து ஊராட்சி சட்டம், அக்தா (சட்டம்) 171-னு சொல்லுவோம். அதான் பக்கத்து மாவட்டத்துல ஒரு மாதிரி இங்க ஒரு மாதிரி. உன் லெட்டர்ல லைசென்ஸ்னு போட்டிருந்தாலும் உண்மையான சிக்கல் அதுல இல்ல, கெரான்ல (நெலப் பட்டா). கெரான எடுத்து அந்த ஷாராட் (நிபந்தனை) போட்டிருக்குற இடத்தப் பாரு, குடியிருப்புன்னு இருக்கும். குடியிருக்குற வீட்ட யாவாரத்துக்குத் திருப்புனா கெபெனாரான் மெரான்சாங் (திட்டமிடல் அனுமதி) வேணும்பாங்க, அது அக்தா 172, அதே 1976. அத மீறுனா அபராதம் 500,000 வெள்ளி வரைக்கும்னு சட்டத்துல இருக்கு. பயப்படாத, உன்ன மாதிரி ஆளுகிட்ட அவ்வளவு கேக்க மாட்டாங்க, ஆனா அந்த நம்பர காட்டித்தான் பேசுவாங்க. அந்த அனுமதி கெடைச்சாத்தான் பொம்பா (தீயணைப்பு), சுகாதாரம்னு மத்ததெல்லாம் நகரும்.

அதனால 2,800-அ இப்ப யாருகிட்டயும் குடுக்காத. கெரான், சுக்காய் பிந்து (வீட்டு வரி) கட்டுன ரசீது, வீட்டோட நாலு ஃபோட்டோ எடுத்துக்கிட்டு நேரா பிளானிங் கவுன்ட்டருக்குப் போ, லைசென்ஸ் கவுன்ட்டருக்கு அப்புறம் போகலாம். "வீட்டு அமைப்ப மாத்தல, செவுரு இடிக்கல, இதுக்கு முழு பிளான் வேணுமா"ன்னு கேளு, பதில எழுத்துல வாங்கு. 14 நாளத் தாண்டாத, தாண்டுற மாதிரி இருந்தா ஒரு லெட்டர் குடுத்து முத்திரை அடிச்சு ஒரு காப்பி வாங்கிக்க. நான் பாத்த வரைக்கும் லெட்டர தூக்கிப் போட்டவங்களுக்குத்தான் சம்மன் போகும், வந்து உக்காந்து பேசுனவங்களுக்கு ஏதாச்சும் ஒரு வழி சொல்லி அனுப்புவாங்க.

கொண்டோ குமார்:
அக்கா நீங்களாவது தரை வீடு, பேசுறதுக்கு மஜ்லிஸ் இருக்கு. எனக்கு கே.எல்.ல ஒரு சின்ன யூனிட், பேங்க்குக்கு கட்டுறதுக்காக ஒத்த ராத்திரி வாடகைக்கு விட்டேன். 2020 அக்டோபர்ல பெடரல் கோர்ட்ல மோன்ட் கியாரா வெர்வ் சூட்ஸ் கேஸ் தீர்ப்பு வந்துச்சுல்ல, ஒத்த ராத்திரி தங்குறது டெனன்சியே (வாடகைக் குடித்தனம்) இல்ல, வெறும் அனுமதிதான், அதனால அப்படி விடக் கூடாதுன்னு பில்டிங் மேனேஜ்மெண்ட் ரூல் போடலாம்னு. அங்க மீறுனா நாளுக்கு 200 வெள்ளி. கெராணி அண்ணன் சொல்றது ரொம்ப சரி, அந்த மாச வாடகை கதையெல்லாம் அந்தத் தீர்ப்புக்கு முன்னாடி நிக்காது. அதுக்கப்புறம் எங்க பில்டிங்லயும் கூட்டம் போட்டாங்க, போட்ட ஓட்டுல முக்காவாசி வந்தா முடிஞ்சிச்சு, வந்துச்சு, முடிஞ்சிச்சு. 2023-ல பினாங்கு தீவுல அதுக்கு மேல போயி, குடியிருப்பு அடுக்குமாடின்னா கூடவே கூடாது, யாவாரத்துக்குன்னு கெரான் உள்ள சர்வீஸ் அப்பார்ட்மெண்ட்ல மட்டும் நிபந்தனையோட விடலாம்னு ஆக்கிட்டாங்க.

எனக்கு வயிறு எரியிறது எதுன்னா, எங்க மாடியில ஒரு ஆளு 20 யூனிட் மேல வச்சி ஓட்டுனாரு. அவருக்கு லாயர் இருக்கு, பிளான் போட ஆளு இருக்கு. இங்க மூடுனதும் வேற பில்டிங்குக்கு மெத்தையோட லோரி ஏத்திக்கிட்டுப் போயிட்டாரு. நான் எங்க போறது. அவர நெனச்சி எழுதுன ரூல்ல மாட்டுனது நானு.

ராத்திரி தூங்காதவன்:
எல்லாரும் வீட்டுக்காரங்க கஷ்டத்தையே பேசுறீங்க. எங்க லோரோங்ல ஒரு ஹோம்ஸ்டே இருக்கு, சனிக்கிழமை ராத்திரி 2 மணிக்கும் கரோக்கே, பாடுறவன் நல்லாப் பாடுனாலும் பரவால்ல. என் கேட்டுக்கு முன்னாடி காடிய போட்டுட்டு ஃபோன் நம்பர் கூட வைக்க மாட்டான். ஒரு தடவ எங்கம்மாவ ராத்திரி ஆஸ்பத்திரிக்கு தூக்க 20 நிமிஷம் ஆச்சு, கேட்ட மறிச்சி நின்ன வேன எடுக்க ஆளு இல்லாம. வீட்டுக்காரன் ஈப்போல இருக்கான், ஃபோன் அடிச்சா எடுக்க மாட்டான். ரூல் வரட்டும், வந்தாத்தான் அடங்குவானுங்க.

லயத்து மல்லி:
அண்ணே உங்க அம்மாவுக்கு நடந்தது தப்புதான், எனக்கே சங்கடமா இருக்கு. நான் ரெண்டு லோரோங் தள்ளிதான் இருக்கேன், சத்தம்னா 5 நிமிஷத்துல போயி நிப்பேன். ஃபிரிட்ஜ்ல பெரிசா எழுதி ஒட்டியிருக்கேன், 11 மணிக்கு மேல சத்தம் கூடாதுன்னு. கரோக்கே செட் ஒன்னு ஹால்ல இருக்கு, உண்மைதான், தம்பி வாங்கி வச்சான்.

ராத்திரி தூங்காதவன்:
அந்த செட்ட மொதல்ல தூக்குங்க அக்கா. மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம்.

குவீன்ஸ்ல ஒரு தாப்பாக்காரி:
நான் இப்ப நியூயார்க்ல இருக்கேன். இங்க 2023 செப்டம்பர்ல இருந்து லோக்கல் லா 18-அ கண்டிப்பாக்கிட்டாங்க. 30 நாளைக்குக் கம்மியா விடணும்னா சிட்டியில பதிவு பண்ணணும், விடுறவரு அதே வீட்டுல குடியிருக்கணும், விருந்தாளி தங்குறப்ப கூடவே இருக்கணும், ரெண்டு பேருக்கு மேல கூடாது. கம்பெனிக்காரங்க கூட்டம் கூட்டமா வீடு வாங்கி விடுறத நிறுத்தத்தான் கொண்டாந்தாங்க, வாடகை ஏறிப்போச்சுன்னு சனங்க கத்துனதும் நியாயந்தான். ஆனா எங்க தெருவுல மேல ஒரு குடும்பம் கீழ ஒரு குடும்பம் இருக்குற மாதிரி வீட்ட வச்சிருக்குற வயசான அம்மா, கீழ் வீட்ட விட்டு லோன் கட்டிக்கிட்டிருந்தாங்க, அவங்களும் அதே கணக்குல போயிட்டாங்க, மேல் வீட்டுல இருந்தா கீழ் வீட்டுல இருக்குற மாதிரி ஆகாதாம். ஊரு எதுவா இருந்தாலும் எத்தன வீடு வச்சிருக்கீங்கன்னு கேக்காமலே ரூல் எழுதுறாங்க.

கணக்கு பாக்குறவன்:
சுருக்கமா சொல்றேன். லைசென்ஸ் கெடைச்சாலும் கெடைக்காட்டியும் வர்ற காசு வருமான வரிக் கணக்குல காட்டணும், செலவு ரசீத வச்சிக்குங்க. ராத்திரிக்கு ரூமுக்கு 10 வெள்ளி சுற்றுலா வரி பத்தி யாராச்சும் பயமுறுத்துனா, அது வெளிநாட்டுக்காரங்களுக்கு மட்டும், 2017 செப்டம்பர்ல வந்தது, 2023 ஜனவரியில இருந்து ஆன்லைன் புக்கிங்னா அந்த ஆப்பே வாங்கிக் கட்டணும். கிள்ளான்ல இருந்து கருமாதிக்கு வர்றவங்களுக்கு அது கெடையாது. இன்னொன்னு, வீட்டு இன்சூரன்ஸ் பேப்பர படிச்சிப் பாருங்க, காசு வாங்கி ஆள் தங்க வச்சா அவங்ககிட்ட சொல்லணும், சொல்லாம இருந்து அடுப்பு பத்திக்கிட்டா கைய விரிச்சிருவாங்க.

லயத்து மல்லி:
போயிட்டு வந்துட்டேன். கெராணி அண்ணன் சொன்ன மாதிரி பிளானிங் கவுன்ட்டர்லதான் கேட்டேன். உள்ள இருந்த அம்மா மொதல்ல "ஹோட்டலா"ன்னாங்க, ஃபோட்டோவப் பாத்துட்டு "ஓ, வீடா"ன்னு சொல்லி நாற்காலி இழுத்துப் போட்டாங்க. செவுரு இடிக்காததால முழு பிளான் வேணாமாம், அளவு போட்ட ஒரு படம் போதுமாம். எழுத்துல கேட்டேன், முழிச்சாங்க, அப்புறம் லெட்டர் பின்னாடியே எழுதி முத்திரை அடிச்சிக் குடுத்தாங்க. முடிவு வர்ற வரைக்கும் ஆப்ல இருந்து எடுக்கணும்னாங்க, எடுத்துட்டேன். பொம்பாவுக்கு தீயணைக்கிற டப்பா ரெண்டு வேணும், ரூம் ஜன்னல்ல உள்ள கம்பி ஒன்னையாச்சும் தெறக்குற மாதிரி மாத்தணும், வெல்டிங் பண்றவரு சனிக்கிழமை வர்றாரு.

எங்க மஜ்லிஸ்ல இன்னொன்னும் கேக்குறாங்க, எடது வலது எதுக்க மூனு வீட்டுக்காரங்ககிட்ட கையெழுத்து. எடது வீட்டு அக்கா அங்கயே போட்டுட்டாங்க. எதுக்க வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா) ஒரு கறிபாப் தட்டோட போட்டுக் குடுத்தாங்க. வலது வீட்டு மாமாதான். பாரத்த வாங்கி கண்ணாடி போட்டு முன்னும் பின்னும் படிச்சாரு. படிச்சிட்டு "அந்தப் பாட்டுப் பெட்டி இன்னும் ஹால்லதான் இருக்கா"ன்னு கேட்டாரு. நேத்தே தம்பி வீட்டுக்கு அனுப்பிட்டேன் மாமான்னேன். நம்பல போல, சாவி எடுத்துட்டு வா பாக்கணும்னு கூடவே எந்திரிச்சி வந்தாரு. ஹாலப் பாத்தாரு, ரூம் எல்லாம் எட்டிப் பாத்தாரு, அப்பா வாளிக்கு முன்னாடி கொஞ்சம் நின்னாரு, அப்பாவும் அவரும் ஒரே பெரட்டுல (காலையில பேரு கூப்புடுற வரிசை) நின்னவங்க. கையெழுத்து இன்னும் போடல. நாளைக்கி பசியாறிட்டு வரச் சொல்லியிருக்காரு. திருவிழாவுக்கு இன்னும் 5 வாரம் இருக்கு, 3 குடும்பம் கேட்டு வச்சிருக்காங்க, அவங்களுக்கு இன்னும் ஆமான்னும் சொல்லல இல்லன்னும் சொல்லல.