ஆன்டிலெகோமெனா: தமிழில் என்ன சொல்வது?

ம. எழுதியது:
அன்பர்களுக்கு வணக்கம். இறையியல் மாணவர்களுக்கான திருச்சபை வரலாறு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யூசேபியஸ், தம் திருச்சபை வரலாற்றின் மூன்றாம் நூலில், வேதநூல்களை வகை பிரிக்கிறார். எல்லாரும் ஏற்றவை ஹோமோலொகூமெனா. சிலர் மறுத்துப் பேசியவை ஆன்டிலெகோமெனா: யாக்கோபு, யூதா, 2 பேதுரு, 2, 3 யோவான் ஆகிய நிருபங்கள். அடுத்தது நோதா, வேதநூல் வரிசையில் சேராதவை. இரண்டாவதற்கு "மறுக்கப்பட்ட நூல்கள்" என்று போட்டிருந்தேன். வகுப்பில் வாசித்ததும் ஒரு மாணவி, "மறுத்துவிட்டார்கள் என்றால் யாக்கோபு எப்படி நம் பைபிளில் இருக்கிறது?" என்றாள். தப்பு என் சொல்லில்தான். உதவுங்கள்.

த. எழுதியது:
அம்மா, சுருக்கமாகச் சொல்லிவிடலாமே. ஏற்றவை இசைநூல், மற்றவை இசையாநூல்.

க. எழுதியது:
த. ஐயா, இசைநூல் என்றால் பண்ணாராய்ச்சி என்று நினைப்பார்கள்! மூலத்தில் "எதிராகப் பேசப்படுபவை" என்றுதான் இருக்கிறது. எதிர்ச்சொல் ஆகாது, பள்ளிப் பிள்ளைகள் வேறு பொருள் கொள்வார்கள். எதிருரை நூல்?

த. எழுதியது:
எதிருரை என்றால் பதிலுரையும்தான். போகட்டும். தலைப்பான 'கானோன்' (ஏற்கப்பட்ட வேதநூல்களின் பட்டியல்) என்பதை முதலில் கவனியுங்கள். கிரேக்கத்தில் அளவுகோல், அதற்கு முன் நாணல். நம் கணை, கணு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூங்கிலுக்குக் கணு, அம்புக்குக் கணை…

ச. எழுதியது:
ஐயா, அது செமித்தியச் சொல். எபிரேயத்தில் 'கானே', அக்காடியத்தில் 'கானூ'. கணுவை மூங்கிலிலேயே விட்டுவிடுவோம். கானோனுக்குத் திருமுறை என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. கத்தோலிக்கர் தங்கள் பழைய ஏற்பாட்டில் கூடுதலாக உள்ள நூல்களை 'இணைத்திருமுறை' என்கிறார்கள்.

க. எழுதியது:
திருமுறை சைவர்களுடையது, பன்னிரண்டு இருக்கிறது என்று சண்டைக்கு வருவார்கள். (பதினெண்கீழ்க்கணக்கில் இன்னிலையா கைந்நிலையா என்று நாமே இன்னும் அடித்துக்கொள்கிறோம்.)

ச. எழுதியது:
விஷயத்துக்கு வருகிறேன். எனக்குப் பிடித்த சொல் வழக்குநூல். வழக்கு என்றால் பிணக்கு. வழக்கு என்றால் புழக்கமும். யூசேபியஸ் சொல்வதும் அதுதான்: இவை சர்ச்சைக்குள்ளானவை, ஆனாலும் பலருக்கும் தெரிந்தவை. மூன்றாவதாக வட்டார வழக்கும் பொருந்துகிறது. சிரியாக் மொழி பைபிளான பெஷித்தாவின் புதிய ஏற்பாட்டில் 22 நூல்கள்தான். யாக்கோபு உண்டு, 2 பேதுரு, 2, 3 யோவான், யூதா, வெளிப்படுத்தல் இல்லை. 367இல் அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியு தம் பாஸ்கா (ஈஸ்டர்) மடலில் புதிய ஏற்பாட்டின் 27 நூல்களையும் பட்டியலிட்டார். ஊருக்கு ஊர் வழக்கு!

ம. எழுதியது:
ஐயா, அழகாக இருக்கிறது. ஆனால் மாணவி "வழக்கு நூல்" என்று படித்ததும் சட்டக் கல்லூரி நூலகம் என்று நினைத்துவிட்டால்? வெள்ளிக்குள் அடிக்குறிப்பு போட இடமும் இல்லை. அப்புறம், நோதாவுக்கு 'போலி' சரியா?

க. எழுதியது:
வேண்டாம் அம்மா. நோதா என்றால் முறை தவறிப் பிறந்த பிள்ளை என்று பொருள். ஆனால் அந்த வகையில் இருக்கும் 'ஹெர்மாவின் மேய்ப்பன்' என்ற பழைய கிறிஸ்தவ நூலில் ஹெர்மா தம் பெயரில்தான் பேசுகிறார். யார் பெயரையும் திருடவில்லை, பிறகு என்ன போலி? நான்காம் நூற்றாண்டுப் பைபிள் கையெழுத்துப் படியான சினாயிப் படியில் புதிய ஏற்பாட்டுக்குப் பின்னாலேயே பர்னபா நிருபமும் மேய்ப்பனும் இருக்கின்றன. 'புறநூல்' என்று விடுங்கள். இன்னொன்று: யூசேபியஸ் வெளிப்படுத்தலை "சரியெனப் பட்டால்" என்று சொல்லி முதல் வகையிலும் வைக்கிறார், மூன்றாம் வகையிலும் வைக்கிறார். அதற்கு ஒரு கலைச்சொல் கண்டுபிடியுங்கள், பார்க்கலாம்.

ம. எழுதியது:
இரவு பதினொன்றாகிவிட்டது. பெரும்பான்மை என்று இருப்பதை வைத்து முடிக்கிறேன்: ஏற்கப்பட்டவை, சர்ச்சைக்குரியவை, புறநூல்கள். மாணவிக்கு உடனே புரியும்.

த. எழுதியது:
சர்ச்சை வடசொல். சர்ச்சில் படிக்கும் புத்தகத்தில் சர்ச்சை என்று எழுதினால் அச்சுப்பிழை என்றே நினைப்பார்கள்.

ச. எழுதியது:
ம. அம்மா, அச்சுக்குப் போகட்டும். இரண்டாம் பதிப்பு வரும்போது வழக்குநூலை மறுபடி கொண்டுவருவேன். என் எதிர்ப்பை இப்போதே பதிவு செய்துவிடுகிறேன்.