மறுமொழி: 169.254-க்கு என்ன பெயர்? தான்தோன்றி முகவரி என்கிறேன்

வணக்கம்.

நம் கணினிக் கலைச்சொல் பட்டியலுக்காக, 169.254 என்று தொடங்கும் ஐ.பி. முகவரிக்கு (வலையில் கணினியை அடையாளம் காட்டும் எண்) தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். ரூட்டரிடமிருந்து எண் கிடைக்காதபோது கணினி தானே வைத்துக்கொள்வது அது. நேற்றே எழுதியிருக்க வேண்டும், சோம்பல். எழுத வைத்தது அக்காவின் போன். கரண்ட் போய் வந்ததிலிருந்து வீட்டுக் கணினியில் இன்டர்நெட் வரவில்லையாம். ஐபிகான்ஃபிக் (கணினியின் வலை முகவரியைக் காட்டும் கட்டளை) அடித்து வருவதைப் படிக்கச் சொன்னேன். "நூத்தி அறுபத்தொம்பது, புள்ளி, இருநூத்தி அம்பத்திநாலு" என்று ஆரம்பித்ததுமே விஷயம் புரிந்துவிட்டது, ஆனால் அதை அக்காவுக்குச் சொல்ல ஒரு சொல் கிடைக்காமல் திணறி, "உன் கம்ப்யூட்டர் தானாவே ஒரு நம்பர் வெச்சுக்கிச்சு" என்றேன். "யாரைக் கேட்டு?" என்றார். நாம் தேடுகிற சொல்லில் இந்தக் கேள்விதான் இருக்க வேண்டும்.

> தானியங்கித் தனியார் இணைய நெறிமுறை முகவரியிடல்

ஒருவர் முன்வைத்த இது, ஆட்டோமேட்டிக் பிரைவேட் ஐ.பி. அட்ரெஸ்ஸிங் என்ற ஆங்கிலப் பெயரின் நேர்பெயர்ப்பு. இதைச் சொல்லியிருந்தால் அக்கா போனை வைத்திருப்பார். நீளத்தை விடுங்கள், 'தனியார்' எப்படி உள்ளே வந்தார்? தனியார் பேருந்து மாதிரி முதலாளி யாராவது ஓட்டுகிறாரா? அதுவும் போக, அந்த ஆங்கிலப் பெயர் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 98 காலத்திலிருந்து வழங்கும் பெயர். மேக்கும் இதே 169.254 வரிசையைத்தான் எடுக்கிறது, 2005-இல் ஆர்.எஃப்.சி. 3927 என்று இணையத்துக்கான பொதுத்தரமும் வந்தாயிற்று. ஒரு கம்பெனி வைத்த பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தே ஆக வேண்டுமா?

> குத்தகை, பட்டா என்று வைத்தோமே, அந்த வரிசையில் இது புறம்போக்கு முகவரி.

சிரித்துவிட்டேன், பொருத்தமும்தான். ரூட்டர் கெடு வைத்துக் கொடுக்கும் முகவரி குத்தகை, நாமே எழுதி வைக்கும் முகவரி பட்டா, 169.254-இல் யார் வேண்டுமானாலும் குடிசை போடலாம், ஆனால் வெளியே போகப் பாதை கிடையாது. ஆனாலும் அது நிலத்தின் பெயர். கணினி என்ன செய்தது என்பது அதில் இல்லை. வசையாகவும் ஆகிவிட்ட சொல் வேறு.

ஆகவே, தான்தோன்றி முகவரி. கரூரில் தாந்தோன்றிமலை, மட்டக்களப்புப் பக்கம் கொக்கட்டிச்சோலையில் தான்தோன்றீஸ்வரர், அதனால் இரு கரையிலும் விளக்கம் தேவைப்படாத சொல். சுயம்பு என்று ஒருவர் சொன்னார், அதில் பக்தி மட்டும் நிற்கிறது, வசவு போய்விடுகிறது. எனக்கு அந்த வசவும் வேண்டும். டி.எச்.சி.பி.-யிடம் (ரூட்டரில் முகவரி பங்கிடும் சேவை) கேட்டுப் பார்த்து, பதில் வராததால் 169.254.1.0-க்கும் 169.254.254.255-க்கும் நடுவில் எதையோ ஒன்றைத் தானே எடுத்து மாட்டிக்கொள்கிற பிள்ளை அல்லவா அது? எடுக்கும் முன் 'இந்த எண் யாரிடமாவது இருக்கிறதா' என்று வலையில் ஒரு வார்த்தை கேட்கிறது, அந்த அளவு மரியாதை உண்டு.

சொல் சரியாக அமைந்தால் பழுதும் பாதி தெரிந்துவிடும். தான்தோன்றி என்றால் கொடுக்க வேண்டியவர் கொடுக்கவில்லை, ரூட்டர் வரைக்கும் போய்ப் பார். அக்கா வீட்டில் இரண்டு கணினிகள் ஒரு சின்ன நெட்வொர்க் சுவிட்ச் (பல கணினிகளின் கேபிள்களை இணைக்கும் பெட்டி) வழியாக ரூட்டருக்குப் போகின்றன. இரண்டிலும் 169.254, கேபிள் செருகும் இடத்தில் விளக்கு எரிகிறது, இதிலிருந்து அதற்குக் கோப்புக்கூடப் போகிறது. அப்படியென்றால் கோளாறு சுவிட்சுக்கு அந்தப் பக்கம். பார்த்தால், இன்வெர்ட்டரை இழுத்தபோது சுவிட்சிலிருந்து ரூட்டருக்குப் போகும் கேபிள் கழன்றிருக்கிறது. செருகிவிட்டு, முகவரியைப் புதிதாகக் கேட்கும் ஐபிகான்ஃபிக் ரின்யூ கட்டளை அடித்ததும் 192.168.1.5 வந்தது.

---

மறுமொழி 2:

அண்ணா, சொல் பிடித்திருக்கிறது, ஆனால் ஓர் இடிக்கிற இடம். ஐ.பி. முகவரி முறையின் புதிய பதிப்பான ஐ.பி.வி. 6-இல் எஃப்.ஈ.80 என்று தொடங்கும் முகவரியும் கணினி தானே உண்டாக்கிக்கொள்வதுதான். இணையம் நன்றாக ஓடும்போதும் அது இருக்கும், இருந்தே ஆக வேண்டும். அதையும் தான்தோன்றி என்றால், ஒன்றும் ஆகாத கணினியைப் பார்த்து மக்கள் பயப்படுவார்கள். வசவு வேண்டும் என்று நீங்கள் சொன்னதே இங்கே சிக்கல். இதற்குத்தான் நான் 'இணைப்புள் முகவரி' என்று முதலிலேயே எழுதினேன். அந்த ஒரு கம்பிக்குள் மட்டும் செல்லுபடியாகும் முகவரி, எப்படி வந்தது என்ற பேச்சே இல்லை.

---

மறுமொழி 3:

தம்பி சொல்வது சரி, எஃப்.ஈ.80-ஐ நான் மறந்தே போனேன். அப்படியானால் இரண்டையும் வைத்துக்கொள்வோம். பொதுச்சொல் உங்களுடைய இணைப்புள் முகவரி, எஃப்.ஈ.80-க்கும் 169.254-க்கும் பொது. அதற்குள்ளே, கேட்டுக் கிடைக்காமல் எடுத்துக்கொண்ட 169.254-க்கு மட்டும் தான்தோன்றி. பட்டியலில் இப்படி ஏற்றட்டுமா?

தான்தோன்றி முகவரி: டி.எச்.சி.பி.-யிடமிருந்து குத்தகை கிடைக்காதபோது கணினி தானே தெரிந்தெடுக்கும் 169.254 வரிசை முகவரி. இணைப்புள் முகவரிகளில் ஒரு வகை. வீட்டு வலைக்குள் பேசும், இணையத்துக்குப் போகாது.

தாந்தோன்றியா தான்தோன்றியா என்று நாளைக்கு ஒருவர் வருவார். பிரித்துப் பார்த்தால் பொருள் தெரிய வேண்டும், அதனால் ன் போட்டே எழுதிவிட்டேன்.