புரத ஊசிமருந்தில் துகள் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது: கருவியில் பழுதா, மருந்தில் கோளாறா?

கயல்

வணக்கம். ஊசிமருந்துகளைச் சோதிக்கும் ஆய்வகத்தில் துகள் பகுப்பாய்வு செய்கிறேன். இப்போது கையில் இருப்பது ஒரு மோனோகுளோனல் ஆன்டிபாடி, அதாவது ஒரு புரத மருந்து. புரதம் திரளாமல் காக்கும் பாலிசார்பேட் 80 கலந்து, 1 மி.லி. கண்ணாடி சிரிஞ்சில் நிரப்பி வருவது. துகள் மறைக்கும் ஒளியை அளந்து எண்ணும் ஒளிமறைப்புக் கருவியில் பார்த்தால், எண்ணிக்கை யு.எஸ்.பி. 788 (அமெரிக்க மருந்துத் தர நூலின் 788ஆம் அத்தியாயம்) வரம்புக்கு வெகு கீழே நிற்கிறது. அதே தொகுதியை, ஓடும் திரவத்திலுள்ள துகள்களைப் படமெடுத்து எண்ணும் ஓட்டப் படநுண்ணோக்கியில் செலுத்தினால் 2, 5 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்கள் பல மடங்கு கூடுதலாக வருகின்றன.

அதைவிடக் குழப்புவது வேறொன்று. ஒரே மாதிரியைத் திரும்பத் திரும்ப ஓட்டினால் ஒவ்வொரு முறையும் எண்ணிக்கை ஏறுகிறது. காலையில் சுத்தமாக இருந்த பிளாங்க் (துகளற்ற திரவத்தை மட்டும் ஓட்டும் சோதனை), மாதிரிகளுக்குப் பிறகு பழைய நிலைக்கு இறங்குவதில்லை. இடையிடையே எங்கள் செயல்முறைப்படி 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் கழுவுகிறோம். கருவியைச் சரிபார்க்க ஓட்டும் 10 மைக்ரான் பாலிஸ்டைரீன் மணிகள் சரியாகவே வருகின்றன. பழுது கருவியிலா, மருந்திலா? அறிக்கையில் எந்த எண்ணை எழுதுவது?

தென்றல்

காற்றுக் குமிழியைச் சந்தேகித்தீர்களா? சிரிஞ்சிலிருந்து வேகமாகத் தள்ளினால் குமிழி நிச்சயம் வரும். அல்ட்ராசோனிக் தொட்டியில் சில நொடிகள் வைத்துப் பாருங்கள்.

ஆய்வுமேசை

தென்றல், குமிழியைச் சந்தேகிப்பது சரிதான். ஆனால் புரத மருந்தை அல்ட்ராசோனிக் தொட்டியில் வைக்க வேண்டாம். அந்த அதிர்வே புரதத்தைத் திரளச் செய்யும். பிறகு நாம் எண்ணுவது நாமே உண்டாக்கிய துகளை. குறைந்த வெற்றிடத்தில் சற்று நேரம் வைத்துக் குமிழியை நீக்கலாம். கலக்கும்போதும் குலுக்காமல், மெதுவாகத் தலைகீழாகத் திருப்பி நிமிர்த்தினால் போதும்.

கயல், உங்கள் கேள்வியில் இரண்டு சிக்கல்கள் பின்னிக் கிடக்கின்றன. தனித்தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கருவிகளும் ஒத்துப்போகாதது பழுதல்ல. ஒளிமறைப்பு முறை, துகள் எவ்வளவு ஒளியைத் தடுக்கிறது என்பதை வைத்து அளவைக் கணிக்கிறது. அதன் அளவுகோல் பாலிஸ்டைரீன் மணி. அதன் ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதன் அளவு) ஏறத்தாழ 1.59. புரதத் திரளோ நீரைத் தன்னுள் ஏராளமாக வைத்திருப்பது. அதன் ஒளிவிலகல் எண் சுற்றியுள்ள கரைசலுக்கு மிக அருகில் இருக்கும். வெந்த ஜவ்வரிசி கஞ்சியில் கண்ணுக்குத் தப்புவதைப் போல அது அந்தக் கருவிக்குத் தப்பிவிடும், அல்லது இருப்பதைவிடச் சிறியதாகப் பதிவாகும். மருந்து அடர்த்தியானால் நிலைமை இன்னும் மோசம். ஒரு மி.லி.க்கு 100 மி.கி. புரதம் கரைந்திருந்தால் கரைசலின் ஒளிவிலகல் எண்ணே 1.33இலிருந்து 1.35 வரை ஏறிவிடும். படமெடுக்கும் கருவிக்கும் இந்த இடர் உண்டு, ஆனால் குறைவு. 2009இல் ஜான் கார்பென்டரும் உடன் ஆய்வாளர்களும் ஜர்னல் ஆஃப் பார்மசூட்டிக்கல் சயின்சஸ் இதழில் எழுதிய கட்டுரை இந்தக் கண்ணுக்குத் தப்பும் துகள்களைப் பற்றியதுதான். 10 மைக்ரானுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பாராமல் விடுகிறோமே என்ற கவலையை அது துறை முழுவதற்கும் கொண்டுசென்றது.

எண்ணிக்கை ஏறுவது மட்டும் கட்டாயம் சரிசெய்ய வேண்டிய கோளாறு. படநுண்ணோக்கியில் மாதிரி ஓடும் மெல்லிய கண்ணாடி அறையான ஃப்ளோ செல்லில் புரதம் ஒட்டுகிறது என்று நினைக்கிறேன். கருவி முதலில் பின்னணியைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, அடுத்தடுத்த படங்களிலிருந்து அதைக் கழிக்கிறது. பின்னணி எடுத்த பிறகு வந்து ஒட்டிய துகள் கழிபடாது. நூறு படங்களில் இருந்தால் அது நூறு துகளாக எண்ணப்படும். மென்பொருளில் ஒட்டிய துகளை நீக்கும் வசதி இருந்தாலும் அதையே நம்பி இருக்காதீர்கள்.

மொத்த எண்ணை ஒதுக்கிவைத்துவிட்டுத் துகள் படங்களைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு துகளுக்கும் கிடைமட்ட, செங்குத்து இட எண்கள் இருக்கும். ஒரே இடத்தில் ஒரே உருவம் திரும்பத் திரும்ப வருகிறதா? உருவங்கள் எப்படி இருக்கின்றன? அதை எழுதுங்கள், மேலே பேசலாம்.

அலைநுரை

நான் கடல் மிதவை உயிரிகள் பக்கம். இந்த வகைக் கருவிக்குக் கடலோடு நெருங்கிய உறவு உண்டு. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் உள்ள பிகிலோ கடலாய்வு நிலையத்தில் நுண்மிதவை உயிரிகளை எண்ணுவதற்காக உருவானதுதான் ஃப்ளோகேம் என்ற ஓட்டப் படக்கருவி; சியராக்கி குழுவினர் 1998இல் அதை விவரித்துக் கட்டுரை வெளியிட்டார்கள்.

எங்களுக்கும் ஒட்டும் தொல்லை உண்டு. கீட்டோசெரோஸ் போன்ற டயட்டம்களின் (ஒருவகை நுண்பாசிகளின்) நீண்ட முட்கள் செல்லில் சிக்கிக்கொண்டால் அந்த ஓட்டமே வீண். அதனால் செல்லின் ஆழத்தைவிடப் பெரிய துகள் உள்ளே போகாதபடி முதலில் சல்லடையில் வடித்துவிடுவோம். உங்கள் மருந்தை வடிக்க முடியாது என்பது புரிகிறது.

ஒன்று கேட்க வேண்டும்: எந்த லென்சுக்கு எந்த ஆழமுள்ள செல்? லென்சு தெளிவாகக் காட்டும் ஆழத்தைவிடச் செல் மிக ஆழமாக இருந்தால் குவியத்துக்கு வெளியே ஓடும் துகள் மங்கி, உண்மையைவிடப் பெரிதாகத் தெரியும். 4 மடங்கு லென்சுக்கான செல்லை 10 மடங்கு லென்சோடு பொருத்தினால் அளவுப் பரவல் முழுவதும் சரிந்துவிடும்.

கயல்

இருவருக்கும் மிக்க நன்றி. 10 மடங்கு லென்சு, 100 மைக்ரான் செல்; அதில் குழப்பம் இல்லை என்று நினைக்கிறேன்.

ஆய்வுமேசை ஐயா சொன்னபடி படங்களைப் பார்த்தேன். கடைசி ஓட்டங்களில் குறிப்பிட்ட சில இடங்களில் அதே உருவங்கள் வரிசையாக வருகின்றன. அவற்றை நீக்கிய பிறகு இரண்டு கூட்டம் மிஞ்சுகிறது. ஒன்று, நடுவில் வெளிச்சமும் ஓரத்தில் கருவளையமும் கொண்ட சீரான வட்டங்கள். மற்றொன்று, ஒளி ஊடுருவும் ஒழுங்கற்ற துணுக்குகள். சில நார்போல நீண்டிருக்கின்றன. வட்டங்கள்தான் அதிகம். வெற்றிடத்தில் வைத்த பிறகும் அவை குறையவில்லை.

ஆய்வுமேசை

வெற்றிடத்துக்குப் பிறகும் நிற்கிறது என்றால் பெரும்பாலும் சிலிக்கோன் எண்ணெய்த் துளிகள். சிரிஞ்சின் உட்சுவரில் உலக்கை வழுக்கிச் செல்லப் பூசும் அந்த எண்ணெய் மருந்துக்குள் இறங்குகிறது. படத்தை வைத்து மட்டும் முடிவு கட்டாதீர்கள், நிரூபியுங்கள். புரதம் இல்லாத பஃபரை (மருந்து கரைந்திருக்கும் அடிப்படைக் கரைசலை) அதே வகைச் சிரிஞ்சில் நிரப்பி, அதேபோல் தள்ளி ஓட்டுங்கள். அதே மருந்தைச் சிரிஞ்சுக்குப் போகாத கண்ணாடிக் குப்பியிலிருந்து எடுத்தும் ஓட்டுங்கள். வட்டங்கள் முதலதில் வந்து இரண்டாவதில் வராவிட்டால் ஐயம் தீர்ந்தது.

அகல நீள விகிதம் 0.85க்கு மேல் இருப்பதைச் சிலிக்கோன் என்று பிரிப்பது பலரும் கையாளும் வழி. அதை 5 மைக்ரானுக்குக் கீழே நம்ப வேண்டாம். அங்கே ஒரு துகளுக்குக் கிடைப்பது ஒரு சில பிக்சல்களே. எதுவும் வட்டமாகத்தான் தெரியும்.

கழுவும் முறையை மாற்றுங்கள். ஆல்கஹால் புரதத்தைக் குலைத்துக் கண்ணாடியோடு இறுக்கிவிடும். முதலில் மருந்தின் பஃபர், பிறகு நொதி கலந்த சோப்புக் கரைசல், கடைசியில் 0.2 மைக்ரான் வடிகட்டிய நீர். ஒவ்வொரு மாதிரிக்குப் பிறகும் பிளாங்க் இறங்கியதைப் பார்த்தே அடுத்ததை ஏற்றுங்கள்.

மணிகள் சரியாக வந்ததை மட்டும் நம்பிவிடாதீர்கள். அவ்வளவு தெளிவாகத் தெரியும் பொருளை எந்தக் கருவியும் கண்டுபிடிக்கும். புரதத்தைப்போல் மங்கலாகத் தெரியும் இடிஎஃப்இ பாலிமர்த் துகளை அமெரிக்காவின் அளவீட்டுத் தர நிறுவனமான நிஸ்ட் ஆர்.எம். 8634 என்ற பெயரில் தருகிறது. அதையும் ஓட்டிப் பாருங்கள்.

கயல்

ஐயா, செய்து பார்த்தேன். புதிய முறையில் கழுவியபின் ஓட்டங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன, பிளாங்கும் இறங்குகிறது. பஃபர் நிரப்பிய சிரிஞ்சில் வட்டங்கள் வந்தன, குப்பி மருந்தில் அரிதாகவே இருந்தன. ஒழுங்கற்ற துணுக்குகள் மட்டும் சிரிஞ்சு மருந்து, குப்பி மருந்து இரண்டிலும் இருக்கின்றன. ஒளிமறைப்போடு உள்ள இடைவெளி குறைந்தாலும் மறையவில்லை. அறிக்கையில் எந்த எண்ணை எழுதுவது என்ற கேள்வியும் அப்படியே நிற்கிறது.

ஆய்வுமேசை

இரண்டையும் எழுதுங்கள், ஒன்றை மற்றொன்றின் வரம்போடு ஒப்பிடாதீர்கள். 100 மி.லி. வரையிலான கொள்கலன் ஒவ்வொன்றுக்கும் 10 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் 6000 வரை, 25 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ளவை 600 வரை என்பவை 788இல் ஒளிமறைப்பு முறைக்கு வகுத்த எண்கள். படநுண்ணோக்கியின் எண்ணை அந்தக் கட்டத்தில் எழுதினால் படிப்பவர் தவறாகப் புரிந்துகொள்வார். அதைத் தன்மை விளக்கம் என்ற தனித் தலைப்பில், மாதிரிப் படங்களோடு, வட்டத் துளி, ஒழுங்கற்ற துகள் என்று பிரித்துத் தாருங்கள். புரத மருந்துக்கு யு.எஸ்.பி.யின் 787ஆம் அத்தியாயத்தையும் படியுங்கள். அது சிறிய மாதிரி அளவை அனுமதிக்கிறது. ஒவ்வொரு முறையும் 25 மி.லி. சேர்க்கச் சிரிஞ்சுகளைக் காலி செய்ய வேண்டியதில்லை.

அந்தத் துணுக்குகளைப் புரதம் என்று இப்போதே பெயரிட்டுவிடாதீர்கள். மருந்து உற்பத்தியிலிருந்து எஞ்சிய நொதிகள் பாலிசார்பேட் 80ஐ உடைத்தால் ஓலிக் அமிலம் போன்ற கொழுப்பமிலங்கள் பிரியும். குளிர்பெட்டி வெப்பநிலையில் அவையும் துகளாகப் படியும். அறை வெப்பநிலைக்குக் கொண்டுவந்து மறுபடி ஓட்டுங்கள், கொழுப்பமிலமானால் கரையக்கூடும். உறுதிப்படுத்த, துகளை வடிதாளில் பிடித்து ராமன் நுண்ணோக்கியில் நிறமாலை எடுக்க வேண்டும்; துகள் சிதறடிக்கும் ஒளியை வைத்து அது எந்தப் பொருள் என்று காட்டும் கருவி அது.

கயல்

இரண்டு தொகுதிகளைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து வைத்திருக்கிறேன், ஒன்று புதியது, ஒன்று காலாவதியை நெருங்குவது. வடிதாளை ராமன் கருவி இருக்கும் பிரிவுக்கு அனுப்ப அனுமதி கேட்டிருக்கிறேன். நிறமாலை கிடைத்ததும் இங்கேயே எழுதுகிறேன்.