மெமரி காட்டும் கருவி: மொத்தம் ரேமை விட அதிகமாக வருகிறது, கணக்கிடும் முறையை மாற்றலாமா?

வேப்பமர_நிழல்:

வணக்கம் நண்பர்களே. லினக்ஸில் எந்த ப்ராசஸ் எவ்வளவு ரேம் எடுக்கிறது என்று பட்டியல் போடும் ஒரு சின்ன பைத்தான் ஸ்கிரிப்டை நாலு வருடமாகப் பராமரித்து வருகிறேன். முதலில் என் வேலைக்காக எழுதினேன், பிறகு ஓப்பன் சோர்ஸாகப் போட்டேன், இப்போது முகம் தெரியாத பலர் அதைத் தங்கள் சர்வரில் க்ரானில் (குறித்த நேரத்தில் தானாக ஓட வைக்கும் வசதி) ஓட்டுகிறார்கள். ஒரே பெயரில் ஓடும் ப்ராசஸ்களைச் சேர்த்துக் கூட்டி, கடைசி வரியில் மொத்தம் காட்டும். அவ்வளவுதான் அதன் வேலை.

போன வாரம் ஒரு பக் ரிப்போர்ட் வந்தது. 8 ஜிபி ரேம் உள்ள மெஷினில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் மட்டும் 19 ஜிபி என்று காட்டுகிறதாம். காரணம் எனக்குத் தெரியும். நான் கூட்டுவது ஆர்எஸ்எஸ், அதாவது ஒரு ப்ராசஸ் ரேமில் வைத்திருக்கும் மொத்தம், மற்றவற்றோடு பகிர்வதும் சேர்த்து. அவர் எல்லா ப்ராசஸும் பகிரும் ஷேர்ட் பஃபருக்கு 2 ஜிபி ஒதுக்கியிருக்கிறார், ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் ஒரு ப்ராசஸ், ஒவ்வொன்றும் அந்த 2 ஜிபியில் தான் தொட்ட பக்கங்களையெல்லாம் (கர்னல் மெமரியைப் பிரிக்கும் சிறு துண்டுகள்) தன் கணக்கில் எழுதிக்கொள்கிறது, நான் அத்தனையையும் கூட்டிவிடுகிறேன். கருவி கர்னல் சொன்னதைத்தான் சொல்கிறது, ஆனால் அதைப் பார்த்து ஒருவர் கூடுதல் ரேம் வாங்கினால் அந்தச் செலவுக்கு நான்தான் பொறுப்பு என்று தோன்றுகிறது.

பகிர்ந்த மெமரியைப் பகிர்பவற்றுக்குள் வகுத்து எழுதும் பிஎஸ்எஸ்ஸுக்கு மாறினால் இது தீரும். பத்து ப்ராசஸ் பகிரும் 100 எம்பியில் ஒவ்வொன்றுக்கும் 10 எம்பி மட்டும் எழுதினால் கூட்டுத்தொகை சரியாக வரும். 2008இல் வந்த 2.6.25 கர்னலிலேயே இந்த எண், ஒவ்வொரு ப்ராசஸின் மெமரி விவரத்தையும் கர்னல் காட்டும் எஸ்மேப்ஸ் பைலில் சேர்ந்துவிட்டது, மேட் மக்கால் எழுதிய எஸ்மெம் என்ற கருவி அதை வைத்துத்தான் ஓடுகிறது. எனக்குத் தயக்கம் என்னவென்றால், என் மூன்றாவது நெடுவரிசையை நம்பி ஸ்கிரிப்ட் எழுதியவர்கள் இருக்கிறார்கள். மாற்றினால் ஒரே இரவில் அவர்கள் வரைபடங்களெல்லாம் கீழே இறங்கும். வேகமும் ஒரு கவலை, சோதித்துப் பார்த்தபோது அரை நொடியில் முடிந்த வேலைக்கு மூன்று நொடி ஆனது. வேலை முடிந்து வந்து இரவில்தான் இதில் உட்கார முடிகிறது, அதனால் ஒருமுறை செய்தால் சரியாகச் செய்ய வேண்டும். என்ன செய்யலாம்?


இரவுப்பணி:

மூன்றாவது நெடுவரிசையைத் தொடாதீர்கள். அதே பெயர், அதே இடம், அதே ஆர்எஸ்எஸ் அப்படியே இருக்கட்டும். பிஎஸ்எஸ்ஸைக் கடைசியில் புதிதாகச் சேருங்கள், கடைசி வரியில் வரும் மொத்தத்தை மட்டும் அதிலிருந்து எடுத்து, எதிலிருந்து எடுத்தது என்பதை அந்த வரியிலேயே எழுதிவிடுங்கள். 2014இல் ஃப்ரீ கமாண்டில் பஃபர், கேஷ் கழித்துக் காட்டும் வரியை எடுத்துவிட்டு அவைலபிள் என்ற நெடுவரிசையைக் கொண்டுவந்தார்கள். நல்ல மாற்றம்தான், நானே அதை ஆதரிப்பவன், ஆனாலும் அந்த வரியைத் தேடிக்கொண்டிருந்த ஸ்கிரிப்டுகளைத் திருத்தி முடிக்க எனக்குப் பல நாள் பிடித்தது.

வேகத்துக்கு, 4.14 கர்னலிலிருந்து எஸ்மேப்ஸ்_ரோல்அப் என்று தனி பைல் இருக்கிறது. ஆயிரக்கணக்கான மேப்பிங்குகளை (ப்ராசஸின் மெமரிப் பகுதிகளை) நீங்கள் வரிவரியாகக் கூட்ட வேண்டாம், கர்னலே கூட்டிக் கொடுத்துவிடும். அது இல்லாத மெஷினில் மட்டும் பழைய பைலுக்குப் போங்கள்.

இதில் நான் விழுந்த பள்ளம் ஒன்று உண்டு, உங்களுக்கும் வரும். புதிய கர்னல்களில் ரோல்அப் பைலில் பிஎஸ்எஸ் வரிக்குக் கீழே பிஎஸ்எஸ்_அனான், பிஎஸ்எஸ்_ஃபைல், பிஎஸ்எஸ்_ஷ்மெம் என்று மூன்று வரிகள் இருக்கும், அவை அதே தொகையின் பிரிவுகள். வரி பிஎஸ்எஸ் என்று தொடங்குகிறதா என்று மட்டும் பார்த்துக் கூட்டினால் சரியாக இரண்டு மடங்கு வரும். 6.0 கர்னலிலிருந்து பிஎஸ்எஸ்_டர்ட்டி என்றும் ஒரு வரி சேர்ந்துவிட்டதால் இன்னும் ஏறும். முக்காற்புள்ளி வரை முழுப்பெயரையும் ஒப்பிடுங்கள். வரி எண்ணை மட்டும் நம்பவே நம்பாதீர்கள்.

அப்புறம், ரூட் (அட்மின்) உரிமை இல்லாமல் ஓட்டினால் மற்றவர்களின் ப்ராசஸ் பைல்களைப் படிக்க முடியாது. அந்த இடத்தில் தயவுசெய்து 0 போடாதீர்கள். 0 என்றால் மெமரி எடுக்கவில்லை என்று ஆகிவிடும். ஒரு கோடு போட்டு, இத்தனை ப்ராசஸ்களைப் படிக்க முடியவில்லை என்று கீழே சொல்லுங்கள்.


பழைய_டெர்மினல்:

நான் உங்கள் கருவியைப் போன்றவற்றைப் பயன்படுத்துகிற பக்கத்திலிருந்து பேசுகிறேன். இரவு இரண்டு மணிக்கு மெஷின் திணறும்போது எனக்குத் தெரிய வேண்டியது, எதைக் கொன்றால் எவ்வளவு திரும்ப வரும் என்பது. அதற்கு யுஎஸ்எஸ் வேண்டும், அந்த ப்ராசஸுக்கு மட்டுமே சொந்தமான பக்கங்கள். ப்ரைவேட்_க்ளீன், ப்ரைவேட்_டர்ட்டி இரண்டையும் கூட்டினால் போதும், அதே பைலில்தான் இருக்கிறது.

பிஎஸ்எஸ்ஸை மட்டும் வைத்து முடிவெடுத்து ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். பத்து வொர்க்கரில் ஒன்று செத்ததும் மீதி ஒன்பதின் எண்ணும் 10இலிருந்து 11 எம்பிக்குக் கொஞ்சம் மேலே ஏறியது. அவை எதுவுமே செய்யவில்லை, வகுக்கும் எண்தான் குறைந்தது. நான் லீக் என்று நினைத்து ஒரு மாலை முழுக்கத் தேடினேன். இந்த ஒரு விஷயத்தை ரீட்மியில் எழுதிவிடுங்கள், நிறைய பேர் நேரம் மிச்சமாகும்.

இன்னொன்று, அதே போஸ்ட்கிரெஸை ஹியூஜ் பேஜில் (வழக்கத்தைவிடப் பெரிய பக்கங்கள்) ஓட்டினால் அந்த 2 ஜிபி ஆர்எஸ்எஸ்ஸிலும் வராது, பிஎஸ்எஸ்ஸிலும் வராது. ஷேர்ட்_ஹியூஜ்டிஎல்பி என்று தனி வரியில்தான் இருக்கும். 19 ஜிபி என்று பக் போட்டவரே நாளை அந்த வசதியை இயக்கிவிட்டு, இப்போது மிகக் குறைவாகக் காட்டுகிறது என்று வருவார்.


வேப்பமர_நிழல்:

இருவருக்கும் மிக்க நன்றி. இரவுப்பணி சொன்ன இரண்டு மடங்கு பிழை என் கிளையில் (இன்னும் ரிலீஸ் செய்யாத கோடில்) அப்படியே இருந்தது, இப்போதுதான் திருத்தினேன். நீங்கள் சொல்லியிருக்காவிட்டால் அதோடுதான் ரிலீஸ் செய்திருப்பேன்.

ஆர்எஸ்எஸ்ஸைத் தொடவில்லை. பிஎஸ்எஸ், யுஎஸ்எஸ், ஹியூஜ் பேஜ் மூன்றும் கடைசியில் சேர்கின்றன. டெஸ்டுக்குப் பல கர்னல்களின் மாதிரி பைல்கள் தேவை. முழு எஸ்மேப்ஸ் கேட்க எனக்கு மனமில்லை, அதில் பைல் பாதைகள் எல்லாம் தெரியும், யாருடைய வாடிக்கையாளர் பெயராவது ஒரு டைரக்டரி பெயராக இருந்துவிடலாம். ரோல்அப் பைலில் பாதை எதுவும் இல்லை, அதை மட்டும் அனுப்பினால் போதும்.


சின்னபலகை:

ஒரு சின்ன விஷயம். ஸ்டாட்எம் என்ற கர்னல் பைலிலிருந்து ஆர்எஸ்எஸ் எடுக்கிறீர்கள் என்றால் அது பக்கக் கணக்கில் இருக்கும். நேற்று உங்கள் கோடைப் பார்த்தேன், ஒரு பக்கம் 4 கேபி என்று வைத்து 4ஆல் பெருக்குகிறீர்கள். ராஸ்பெர்ரி பை 5 என்ற சின்ன கம்ப்யூட்டர் போர்டில் இயல்பாக வரும் கர்னலில் ஒரு பக்கம் 16 கேபி. என் போர்டில் எல்லாமே நாலில் ஒரு பங்காகத் தெரிந்தது, இவ்வளவு குறைவாகவா ஓடுகிறது என்று சந்தோஷப்பட்டுவிட்டேன். பக்க அளவை சிஸ்டத்திடமே கேட்டு வாங்குங்கள், பைத்தானில் ஒரே வரி.


வேப்பமர_நிழல்:

நாலு வருடமாக அந்த 4 அங்கேயே இருக்கிறது, ஒருவரும் சொல்லவில்லை. மாற்றிவிட்டேன். என்னிடம் பை 5 இல்லை, உங்களால் முடிந்தால் இன்றிரவு கிளையை எடுத்து ரூட்டாக ஒருமுறை, சாதாரண யூசராக ஒருமுறை ஓட்டி, இரண்டு அவுட்புட்டையும் இங்கேயே ஒட்டுங்கள். எண்கள் சரியாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை ரிலீஸ் போடுகிறேன்.